அலைக்கு முந்தி வந்த சேதி

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றைக்கு எங்கள் விடுதியில் கோழிக்குழம்பு. சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளர்களான எங்களுக்கு வாரத்தில் ஆறு நாள் கேட்டரிங் சோறுதான். ஞாயிறு ஒரு நாள்தான் சொந்தச் சமையல். பன்னிரண்டு பேர் இருந்த அறையில் ஒருத்தர் வெங்காயம் உரித்தார், ஒருத்தர் துணி அலசினார், இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். நான் வானொலியைக் கேட்டபடி மசாலா வதக்கிக்கொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26. மணி பத்து இருக்கும். சுமத்ராவில் நிலநடுக்கம் என்று செய்தியில் சொன்னார்கள். சுமத்ராவில் நிலம் நடுங்குவதெல்லாம் சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு அடிக்கடி காதில் விழும் சங்கதி. செய்தி முடிந்து எப்போது பாட்டுப் போடுவார்கள் என்று காத்திருந்தேன். போட்டார்கள். கேட்டேன்.

எனக்கு ஊர் நாகப்பட்டினம். அங்கே அப்போது காலை ஏழரை மணி. அலை வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, கடற்கரையில் காலையில் நடக்கிற வயதுக்கு வந்தாயிற்று. ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. ‘உனக்கு எப்படித் தெரியும்? சுனாமிங்கிற வார்த்தையே அப்ப யாருக்கும் தெரியாதே’ என்பார்கள். உண்மைதான், எனக்கும் தெரியாது. ஆனால், தெரிந்த ஒருவர் அதே சிங்கப்பூரில் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்குத் தேக்காவில் இறங்கினோம். ஞாயிறு என்றால் சிராங்கூன் சாலைப் பக்கம் நம் ஊர்த் திருவிழாபோல இருக்கும். பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் வரிசை, புல்தரையில் ஊர் ஊராகக் கூட்டம்: இது மன்னார்குடி, அது பட்டுக்கோட்டை, அந்த மரத்தடி அறந்தாங்கி. அன்றைக்கு அந்தக் கூட்டங்கள் கலைந்து, சாப்பாட்டுக் கடைகளின் தொலைக்காட்சிகளுக்கு முன்னால் குவிந்து கிடந்தன. மெரினாவில் கார்கள் மிதந்தன. புக்கெட்டைக் காட்டினார்கள், இலங்கையைக் காட்டினார்கள். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் ஊர்ப் பெயரைத் துண்டு துண்டாக உடைத்துப் படித்தார். நாகப்பட்டினத்தின் பெயரை உலகத் தொலைக்காட்சியில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற அக்கரைப்பேட்டைத் தம்பி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் அறையில் கீழ்க்கட்டில் அவனுடையது, மேல்கட்டில் என்னுடையது.

அவன் பர்ஸில் ஒரு சீட்டு இருந்தது. அரைப் பக்க நோட்டுத்தாள், மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோய் ஸ்டிக்கர் டேப் ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு எண். எதிரே பி.பி. என்று எழுதியிருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு பி.பி. என்றால் ரத்த அழுத்தம்தான் ஞாபகம் வரும். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ கடை எண்ணையோ கொடுத்து, அதற்கு முன்னால் பி.பி. என்று போட்ட காலம் அது. கூப்பிட்டுச் சொன்னால் ஆள் விட்டு அழைத்து வருவார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். தம்பியின் பி.பி. நம்பர், அக்கரைப்பேட்டையில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு மளிகைக் கடை.

எட்டு சிங்கப்பூர் வெள்ளிக்குத் தொலைபேசி அட்டை வாங்கினோம். காசால் சுரண்டி, நீளமான ரகசிய எண்ணை அழுத்தி, நாட்டு எண், ஊர் எண், கடை எண். ‘ரிங்கே போவலண்ணே’ என்றான். மறுபடி. ஒரு பெண்குரல் இணைப்புக் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி. பொதுத் தொலைபேசிகளின் முன்னால் வரிசை தெருமுனை வரை நீண்டது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அழுத்துவார்கள், கேட்பார்கள், வைப்பார்கள், வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பார்கள். அட்டையில் எட்டு வெள்ளியும் அப்படியே இருந்தது. கிடைத்தால்தானே குறையும்.

ஊரில் சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் வரும். வந்தவர் உடனே சொல்லிவிட மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ‘பெரியவருக்கு ராத்திரி கொஞ்சம் முடியாம இருந்துச்சு’ என்று தொடங்குவார். கேட்கிறவர் அதற்குள் புரிந்துகொள்வார். சாவைச் சொல்வதற்கு நம்மிடம் அப்படி ஒரு பக்குவம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவனுக்கு அந்த ஆள் வருவதில்லை. அவனுக்கு முதலில் வருவது மொத்தக் கணக்கு. ஆயிரம் என்றார்கள், மூவாயிரம் என்றார்கள். திரையின் அடியில் அந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மூவாயிரத்தில் தன் வீட்டுக் கணக்கு எத்தனை என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. ஊரில் இருந்தவர்களுக்கு நேர்மாறு: தன் வீடு போனது தெரியும், தன் தெரு போனது தெரியும், சென்னைக்கும் இலங்கைக்கும் இதே கதிதான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு அன்றிரவு ஒன்பது மணிக்கு லைன் கிடைத்தது. எங்கள் வீடு வெளிப்பாளையத்தில், கடலிலிருந்து உள்ளே தள்ளி. ‘நாங்க நல்லாருக்கோம், தண்ணி இந்தப் பக்கம் வரல’ என்றார் அப்பா. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் தம்பி நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்து, எனக்குக் கிடைத்த நல்ல சேதியைச் சொல்ல முடியவில்லை. ‘எனக்கும் கெடைக்கல தம்பி’ என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் சரியா, தவறா என்று யோசித்ததுண்டு. இன்றைக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவனுக்குச் சேதி வந்தது திங்கள் இரவு. திருவாரூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவனுடைய சித்தப்பா மகன், எங்கள் சூப்பர்வைசரின் கைபேசிக்குக் கூப்பிட்டான். அம்மா இல்லை. அக்கா மகள், நான்கு வயதுக் குழந்தை, கிடைக்கவில்லை. அண்ணன் கடலில் இருந்ததால் பிழைத்தான். பி.பி. கடை இருந்த இடத்தில் மணல்தான் இருக்கிறதாம்.

கடலில் இருந்ததால் பிழைத்தான் என்பது கேட்கத்தான் முரணாக இருக்கும். ஆழ்கடலில் சுனாமி ஒரு பெரிய அலையே அல்ல. அன்றைக்கு நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் ஆனபோது, மேலே போய்க்கொண்டிருந்த ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் அந்த அலையை அளந்தது: ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். விமான வேகத்தில் படகின் அடியில் அது கடந்து போனது, வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. கரை நெருங்க, ஆழம் குறையக் குறைய, வேகம் குறைந்து உயரம் ஏறியது. படகுகள் மீனோடு திரும்பி வரும் நேரத்தில், ஏலத்துக்காகக் கூடையோடு கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்களும் பெண்கள். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146, பெண்கள் 391. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் 6,000க்கும் மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். பிழைத்த ஆண்களில் பாதிப் பேர் ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்லியே மிச்ச வாழ்க்கையைக் கழிக்கிறார்கள். கடலுக்குள் இருந்த அண்ணனும் சிங்கப்பூரில் இருந்த தம்பியும் அந்த விஷயத்தில் ஒன்றுதான்.

இப்போது அந்த இன்னொருவர் கதை.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களை நடத்திவந்தது. கடல் எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரம் எழும் என்ற விவரத்தைக் கணினியில் எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். அந்த மையத்தில் முன்பு தொண்டராக இருந்த இளைஞர் ஒருவர், எங்களைப் போலவே பிழைப்புக்குச் சிங்கப்பூர் வந்திருந்தார். அந்த ஞாயிறு காலையில் நான் வானொலியில் கேட்டதைப் போன்ற செய்தியைத்தான் அவர் தொலைக்காட்சியில் பார்த்தார். நான் பாட்டுக்குக் காத்திருந்தேன், அவர் ஊருக்குப் போன் போட்டார். எடுத்த சகோதரி, கடல்தண்ணி ஊருக்குள் ஏறுகிறது என்று சொல்ல, எல்லோரும் உடனே ஓடுங்கள், ஊர் முழுக்கச் சொல்லுங்கள் என்றார். தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. அந்த ஊரில் இருந்த 3,600க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

இதைப் பெரிய ஞானம் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு மூன்று விஷயங்கள் கைவசம் இருந்தன: சேதி, மணி அடித்தால் எடுக்கிற ஓர் எண், அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் ஓர் ஒலிபெருக்கி. அவ்வளவே.

அந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ இல்லாமல்தான் மற்றவர்கள் கோட்டை விட்டார்கள். நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29க்கு. அடுத்த கால் மணி நேரத்துக்குள் ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தன் பகுதிக்கான அறிவிப்பை வெளியிட்டுவிட்டது. இந்தியப் பெருங்கடலில் அலை எழக்கூடும் என்று அங்கே இருந்தவர்கள் பிறகு ஊகித்தபோது, யாரைக் கூப்பிடுவது என்று அவர்களிடம் எண் இல்லை. நம் விமானப் படைத் தளம் இருந்த கார் நிக்கோபார் தீவை அலை அடித்தபோது, நாகைக்கு அது வர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தளத்திலிருந்து தரைப்பகுதிக்குத் தகவலும் வந்தது. அங்கிருந்து அது கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. தில்லியில் ஒரு துறையின் எச்சரிக்கைத் தொலைநகல், பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. படித்துச் சிரித்தவர்களும் உண்டு. என்னால் சிரிக்க முடியவில்லை. நான் அந்தத் தொலைநகலைக்கூட அனுப்பாதவன்.

இன்னொரு கணக்கையும் பார்த்தேன். நிலம் பிளந்த இடம் சிங்கப்பூரிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆபத்து புறப்பட்ட இடத்துக்கு நாங்கள்தான் கிட்டே இருந்தோம். நடுவில் சுமத்ராவும் மலாய்த் தீபகற்பமும் சுவர்போல் நின்றதால் சிங்கப்பூர் தப்பித்தது. கடல் தாண்டிப் போனவன் ஊரைவிட்டு விலகிப்போனவன் என்று நினைக்கிறோம். சில நேரங்களில் அவன்தான் முன்னாலே நிற்கிற காவல்காரன்.

டொரன்டோவிலும் லண்டனிலும் இருந்த ஈழத்தமிழர்களுக்கு அந்தச் சேதி நேரம் மாறி வந்தது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் முல்லைத்தீவிலும் கடல் ஏறியபோது டொரன்டோவில் கிறிஸ்துமஸ் இரவு, விருந்து முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர் நின்றிருந்த காலம்தான், ஆனால் வன்னியில் தொலைபேசி உள்ள வீடு அபூர்வம். அழைக்க ஓர் எண்ணே இல்லாத தூரத்தில் இருந்தவர்களின் நிலையோடு ஒப்பிட்டால், எங்களுடைய எட்டு வெள்ளி அட்டையே ஒரு வசதி.

அக்கரைப்பேட்டைத் தம்பி செவ்வாய்க்கிழமை காலையில் லீவு கேட்டான். வேலைத் தளம் ஆண்டு முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டியது. மேலாளர் கெட்டவர் அல்ல. அவன் தோளில் கைவைத்துத்தான் சொன்னார்: ‘போய் என்ன பண்ணப் போறே? அடக்கம் எல்லாம் முடிஞ்சிருக்கும். காசு அனுப்பு, அதுதான் இப்ப உதவி.’ அந்த வார்த்தையை நான் இன்னும் விடவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அது அவர் ஒருவருடைய வார்த்தை அல்ல. அரசும் ஊரும் உறவும் வெளிநாட்டில் இருப்பவனிடம் சொல்வது அதுதான். பேரிடர் என்றால் அவன் நிதி. நிவாரண நிதிக்கு அவனிடம் கணக்கு எண் தருகிறோம், உண்டியல் நீட்டுகிறோம், விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். அவனும் அந்தச் சாவு வீட்டுக்காரன் என்பதை மறந்துவிடுகிறோம்.

புதன் மாலை லீவு கிடைத்தது. பயணச்சீட்டுக்கு அறையில் பன்னிரண்டு பேரும் போட்டுக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தான். அம்மாவை 27ஆம் தேதியே, இருபது முப்பது பேரோடு ஒரே குழியில் அடக்கியிருந்தார்கள். தோண்டி மூடியவர் ஒருவர் வந்து, ‘இந்த ஓரமா இருக்கும்’ என்று காட்டினாராம். குழந்தைக்காகப் புகைப்படங்களைப் புரட்டிப் பார்த்தான். அடையாளம் தெரியாமல் அடக்கப்பட்டவர்களின் படங்கள். ‘எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரி இருக்குண்ணே’ என்று பிற்பாடு ஒருமுறை சொன்னான். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரில் உறவினர் இறப்புக்கு விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று இன்றைக்கும் சட்டம் இல்லை. முதலாளி விருப்பம், ஒப்பந்தம். ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தில் கணவனோ மனைவியோ இறந்தால் ஐந்து நாள், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்றால் மூன்று நாள். மூன்று நாளில் துபாயிலிருந்து வேதாரண்யம் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்கக் கூடாது. சவூதியில் முதலாளியின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறவே முடியாது என்ற நிலை 2021 மார்ச்சில்தான் தளர்ந்தது. அதிலும் வீட்டு வேலைக்காரர்கள், ஓட்டுநர்கள், ஆடு மேய்ப்பவர்கள் சேர்க்கப்படவில்லை. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஆனால் அயல்நாட்டுச் சட்டத்தை மட்டும் பேசிப் பயனில்லை. இந்தியாவிலேயே தனியார் தொழிலாளிக்குத் துக்க விடுப்பு என்று பொதுச் சட்டம் கிடையாது.

வெளிநாட்டில் இருப்பவன் பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டிசம்பர் 30, வியாழக்கிழமை, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரித்தது. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன ஜோசியத்தை நம்பி வந்த எச்சரிக்கை அது. கடற்கரை முழுக்க ஜனங்கள் ஓடினார்கள், நாகையில் மீட்புப் பணியே சில மணி நேரம் நின்றது. எதுவும் வரவில்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? தேக்காவில் சேதி கேட்ட மாத்திரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, ‘உடனே கிளம்புங்க, திருவாரூர் பக்கம் போயிடுங்க’ என்று கத்தினேன். எழுபத்திரண்டு வயது அப்பா கூட்டத்தில் ஓடிக் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்ட பிறகு தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘ஓடச் சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லல. வேண்டாத அன்னிக்கு ஓடச் சொல்ற.’

இதற்கு மேல் ஒரு விமர்சனம் எனக்கு யாரும் செய்யவில்லை.

அதனால்தான் சேதியை உறுதிப்படுத்த ஓர் இடம் வேண்டும் என்கிறேன். நல்லவேளை, அந்த இடம் இப்போது இருக்கிறது. ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது, மெரினாவைக் காலி செய்தார்கள், பெரிய அலை வரவில்லை என்றதும் விலக்கிக்கொண்டார்கள். 2023இல் கைபேசிகளில் அபாய ஒலியோடு செய்தி அனுப்பிச் சோதித்தார்கள். நம்மில் பலர் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தோம். எல்லாம் நல்லது. ஆனால் அந்த ஒலி கேட்பது அந்த இடத்தில் இருக்கிற கைபேசியில். எண்பது வயதுத் தாய் கைபேசியை மின்னேற்றிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருப்பார். அவரை எழுப்பக்கூடியவர் யார் என்றால், தோஹாவில் கிரேன் ஓட்டும் மகன். அவன் கைபேசிக்கு அந்த எச்சரிக்கை போகாது.

அப்படியும் அவன் சும்மா இருப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இங்கே மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் போய்விட்டன. அப்போது உதவி கேட்டு வந்த செய்திகளைச் சரிபார்த்து, முகவரிகளைத் தொகுத்து, படகு உள்ளவரையும் மாடியில் நின்றவரையும் இணைத்தவர்களில் வெளிநாடுகளில் தூங்காமல் இருந்த நம் பிள்ளைகளும் உண்டு. 2018 கேரள வெள்ளத்தில் மலையாளிகள் அதையே இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். அரசின் மீட்பு இணையதளமும் தன்னார்வலர்களும் கைகோத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு 1996லேயே வெளிநாடுவாழ் கேரளியருக்கென்று நார்க்கா என்ற துறை வந்துவிட்டது. நமக்கும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். சென்னையில் மேடை போட்டு நன்றாகவே கொண்டாடுகிறார்கள்.

அந்த மேடைக்கு ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுபோக ஆசை. புயல் வரும்போதெல்லாம் அறிவிப்புகளில் உதவி எண் என்று போடுகிறார்கள்: மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இத்தகைய குறுகிய எண்களை வெளிநாட்டிலிருந்து அப்படியே அழுத்தினால் வந்து சேராது. அயலகத்தில் இருப்பவர் கூப்பிடக்கூடிய முழு எண்ணை, நாட்டு எண்ணோடு, எல்லா அறிவிப்பிலும் ஒரே மாதிரி போட என்ன செலவு? கடலோரக் கிராமங்களில் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியல் வைத்திருக்கிறோம். யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், அவர் பிள்ளை எந்த நாட்டில், எந்த எண்ணில் என்று அதே பதிவேட்டில் இன்னொரு பத்தி போட்டால் போதாதா? காணாமல்போனோர், மீட்கப்பட்டோர் பட்டியலைக் கிராம வாரியாகப் பெயரோடு தமிழில் முதல் நாளிலிருந்தே வெளியிட்டால், திரையின் அடியில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு எவனும் தேக்காவில் நிற்க வேண்டியதில்லை. அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவனுக்குப் பயணச்சீட்டும், முதலாளியிடம் பேச ஒரு தூதரக அதிகாரியும் கிடைக்க வேண்டும். இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. அங்கே இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்ப அது உதவுகிறது. உயிரோடு இருப்பவன் ஊரில் இறந்தவர் முகம் பார்க்கப் போவதற்கும் அதே பணப்பெட்டியைத் திறக்கலாம். இவை எதற்கும் விஞ்ஞானி வேண்டாம். ஒரு நல்ல எழுத்தர் போதும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அக்கரைப்பேட்டைத் தம்பி இப்போது ஊரோடு இருக்கிறான், விசைப்படகு சங்கத்தில் கணக்கு எழுதுகிறான். அவன் மகன் கத்தாரில். போன மாதம் வீட்டுக்குப் போனபோது, மகனுக்கு அனுப்ப ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டிருந்தான். தன் எண், மருமகள் எண், அப்புறம் நாகூர் சாலையில் ஒரு டீக்கடை, திருவாரூரில் அதே சித்தப்பா மகன். ‘வாட்ஸப் இருக்கே, இது எதுக்கு?’ என்றேன். ‘நம்ம போன் நம்மளோடயே போயிடும்ணே’ என்றான்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடும்போது, உங்கள் எண்ணைத் தவிர இன்னும் இரண்டு எண்களைக் கொடுத்து வையுங்கள். அதில் ஒன்றாவது மேட்டில் இருக்கிற ஆளுடையதாக இருக்கட்டும்.